மூழ்கிய நெல்லுக்கு ரூ.17 ஆயிரம் நிவாரணம்: ஒரு மாவுக்கு எவ்வளவு தேறும்?

நாகை, திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் கார்த்திகை, மார்கழியில் அடைமழை பிடித்துக்கொண்டால் சம்பா, தாளடி பயிர்கள் தண்ணீருக்குள் போவது வாடிக்கை. அரசும் நிவாரணம் அறிவிக்கும். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் "இவ்வளவுதானா?" என்ற பேச்சு டீக்கடைகளில் கிளம்பும்.

குழப்பமே அளவில்தான். அரசு சொல்வது ஹெக்டேர் கணக்கு, டெல்டாவில் புழங்குவது மா கணக்கு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17 ஆயிரம் அறிவிக்கப்பட்டது. கேட்க பெரிய தொகைதான். ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். அப்படிப் பார்த்தால் ஏக்கருக்கு ரூ.6,880. மா என்றால் 33 சென்ட், அதற்கு ரூ.2,300 கூட தேறாது.

இன்னொன்று, இது நஷ்டஈடே அல்ல. அரசு கோப்பில் இதன் பெயர் இடுபொருள் மானியம். விதை, உரம் வாங்கி மறுபடி எழுந்து நிற்க ஒரு கைமாற்று மாதிரி. அறுத்து விற்றிருந்தால் கிடைத்திருக்கும் விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

33 சதவீதம்

பயிர் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் சேதமாகி இருந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். 2015-க்கு முன் இது 50 சதவீதமாக இருந்தது. வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து கணக்கெடுக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். தண்ணீர் வடிந்த பிறகு அதிகாரிகள் வந்தால் பயிர் பச்சையாகத்தான் நிற்கும். வேர் அழுகியதும், தூர் கட்டாமல் போனதும் வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. நாற்றைப் பிடுங்கி காட்டினால்தான் தெரியும். சேதம் 30 சதவீதம் என்று எழுதிவிட்டால் ஒரு பைசா வராது.

குத்தகைக்காரர் கதி?

கோவில் நிலம், மடத்து நிலம் அதிகம் உள்ள பகுதி இது. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், சேற்றில் இறங்குவது வேறொருவர். யார் சாகுபடி செய்கிறார் என்பதற்கு கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல்தான் ஆதாரம். வாய்வார்த்தையாக குத்தகை பேசியவர்கள் அது கிடைக்காமல் அல்லாடுகிறார்கள்.

தொகையும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 2021 ஜனவரி மழைக்கும், 2023 பிப்ரவரி மழைக்கும் ஹெக்டேருக்கு ரூ.20 ஆயிரம் அறிவிக்கப்பட்டது. பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசு பங்கு 75 சதவீதம், மாநில பங்கு 25. எவ்வளவு தரலாம் என்பதற்கு மத்திய அரசின் விதிமுறை உண்டு. அதற்கு மேல் கொடுப்பதென்றால் மாநில அரசு சொந்த கஜானாவில் இருந்துதான் போட வேண்டும்.

பயிர் காப்பீட்டையும் இதோடு போட்டு குழப்பிக்கொள்கிறார்கள். அது தனி. சம்பாவுக்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் விவசாயி பிரீமியம் கட்ட வேண்டும். இழப்பீடு பொதுவாக வருவாய் கிராமத்தின் சராசரி மகசூலை வைத்து கணக்கிடப்படுகிறது. ஒருவர் வயல் முழுக்க அழுகிப்போனாலும், ஊர் மகசூல் தேறிவிட்டால் காப்பீட்டுப் பணம் வராமல் போகலாம். அவருக்கு அரசு நிவாரணம் மட்டும்தான்.