இறங்கும்போது எஞ்சினுக்கு ஓய்வில்லை

விமானம் ஏறும்போது எஞ்சின் பாடுபடுகிறது. இறங்கும்போது அதற்கு ஓய்வு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு காலம் தள்ளியவன் நான். சுமை இழுத்து வந்த டர்போ எஞ்சினை உடனே அணைக்க மாட்டோம். சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டுச் சூடு தணிந்த பிறகே நிறுத்துவோம். வேலை குறையும் நேரத்திலும் எஞ்சினுக்குக் கவனிப்பு தேவை.

விமானம் ஓட்டப் பழகும் என் தங்கை மகன் சென்ற மழைக்காலத்தில் கேட்டான்: "மாமா, வெளியே முப்பது டிகிரி. எஞ்சினுக்குள்ளே ஐஸ் கட்டும்னு வாத்தியார் சொல்றாரே, நடக்குமா?"

நடக்கும். செஸ்னா 152 போன்ற பயிற்சி விமானங்களில் எரிபொருளையும் காற்றையும் கலப்பது கார்புரேட்டர். ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருக்கிறதல்லவா? ஆவியாகும் திரவம் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கார்புரேட்டரிலும் அப்படித்தான். குறுகிய வழியில் காற்றழுத்தமும் குறைவதால், உள்ளே வெப்பநிலை 30 டிகிரிக்கு மேலும் சரியக்கூடும். காற்றிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகப் படியும். வெளியே 38 டிகிரி இருந்தாலும் இது நேரலாம்.

இறங்கும்போது த்ராட்டிலைக் குறைத்திருப்பார்கள். காற்று போகும் இடுக்கு அப்போது மிகச் சிறியது. கொஞ்சம் பனி படிந்தாலே அடைத்துவிடும். எஞ்சின் மெதுவாக ஓடுவதால் அடைப்பு வெளியே தெரியாது. ஓடுதளத்தை நெருங்கி, சற்றே சக்தி வேண்டும் என்று த்ராட்டிலைத் தள்ளும்போதுதான் எஞ்சின் கைவிரிக்கும்.

இதற்கு மருந்து கார்புரேட்டர் ஹீட். அந்தக் குமிழை இழுத்தால், புகைபோக்கிக் குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்று உள்ளே போகும். த்ராட்டிலைக் குறைக்குமுன்பே இதை இழுக்க வேண்டும். குறைத்த பின் குழாயும் ஆறிவிடும், உருக்கப் போதிய சூடு கிடைக்காது. பனி உருகித் தண்ணீர் உள்ளே போகும்போது எஞ்சின் சற்றே திணறும். பயந்து குமிழை மூடிவிடக் கூடாது. பனி கரைந்ததும் சீராகிவிடும்.

நெடுநேரம் சறுக்கி இறங்கினால், இடையிடையே த்ராட்டிலைச் சற்றுத் திறந்து எஞ்சினைச் சூடாக வைத்திருக்க வேண்டும். உயரத்தில் மெலிதாக்கிய எரிபொருள் கலவையையும், கீழே காற்று அடர்த்தியாக ஆக, படிப்படியாகச் செறிவாக்க வேண்டும். தரையிறங்காமல் மீண்டும் எழும்ப நேர்ந்தால், முழு த்ராட்டில் கொடுத்து, ஹீட்டை மூட வேண்டும். சூடான காற்று மெலிந்தது, சக்தியைக் குறைக்கும்.

எரிபொருளை நேராகப் பீச்சும் புதிய எஞ்சின்களில் கார்புரேட்டரே இல்லை. அதனால் இந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் பழைய விமானங்கள் பல இன்னும் பறக்கின்றன. உங்கள் வீட்டுப் பிள்ளை யாரேனும் விமானம் பழகினால், இறங்குமுன் எந்தக் குமிழை முதலில் தொடுவாய் என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் பதில் வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.