பழுப்பா, வெள்ளையா? ஆற்றுநீரைச் சோதிக்கும் மாணவர்கள்

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. வழியில் அதில் என்னென்ன சேர்கின்றன என்பதைப் பள்ளி மாணவர்களே கண்டறியலாம். அதற்குத் தேவை, முறையாகத் திட்டமிட்ட ஒரு சோதனை.

ஓரிடத்தில் மட்டும் ஒரு பாட்டில் நீரெடுத்துச் சோதித்தால் ஓர் எண் கிடைக்குமே தவிர, காரணம் புலப்படாது. மலையடிவாரம், நகரத்துக்கு முன், நகரத்துக்குப் பின் என மூன்று இடங்களில், ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் நீரெடுக்க வேண்டும். எண் எங்கே தாவுகிறதோ, அங்கே தேட வேண்டும்.

முதலில், நீரில் கரைந்த திடப்பொருளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர். பருத்தித் துணியில் சாயம் பிடிக்கச் சாயப்பட்டறைகளில் ஏராளமான உப்பு சேர்க்கிறார்கள். கழிவின் நிறத்தை நீக்கினாலும் உப்பு நீரிலேயே தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகள் பட்ட பாடு தமிழகம் அறிந்ததே. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆனால், மீட்டர் அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை. ஒரு டம்ளர் நீரில் சர்க்கரையைக் கரைத்துப் பாருங்கள். எண் அநேகமாக மாறாது. சாக்கடைக் கிருமிகளையும் அது காட்டாது.

ஆகவே இரண்டாவது சோதனை: நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். ஹங்கேரிய வேதியியலர் லாயோஸ் விங்க்லர் 1888இல் வகுத்த முறை இது. காற்றுக்குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி, ஆற்றங்கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடு கரைசலையும் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு வீழ்படிவு. அறவே இல்லையென்றால் வெள்ளை. பிறகு ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், கந்தக அமிலம் சேர்த்து, தயோசல்பேட்டால் தரம்பார்த்தால் அளவு கிடைத்துவிடும்.

சுத்தமான நீரில்கூட 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். அதனால் நீரின் வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். சாக்கடை கலந்தால் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும்போது இந்தச் சிறிய இருப்பையும் செலவழித்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். குளிக்கத் தகுந்த ஆற்றுநீரில் குறைந்தது 5 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்.

இந்த அளவீடுகளைக் கோடையிலும் மழைக்குப் பின்னும், ஆண்டுதோறும் அதே இடங்களில் எடுத்துப் பதிவு செய்யுங்கள். 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு போன்ற மேடைகள் இத்தகைய ஆய்வுகளுக்கென்றே அமைந்தவை. பரிசோடு நிறுத்திவிடாமல், அந்தப் பதிவேட்டைக் கிராமசபையிலும் வையுங்கள். ‘ஆறு கெட்டுப்போச்சு’ என்ற புலம்பலைத் தட்டிக்கழிக்கலாம். இடமும் தேதியும் அளவும் குறித்த பதிவேட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.