ஐந்து ஆறு தாண்டுவதற்குள் ஒரு வைத்தியம்!

"ஏம்மா, மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்திப் போடுங்க. வாயை மட்டும் மூடினா கொரோனா பயந்துடுமா?"

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் டவுன் பஸ்ஸில், ஒரு சீட் தள்ளி உட்கார்ந்திருந்த பெண்மணி என் அத்தையிடம் சொன்ன முதல் வார்த்தை இது. 2020 செப்டம்பர் முதல் வாரம். மாவட்டத்துக்குள் பஸ் ஓடலாம் என்று 1-ம் தேதிதான் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

அத்தைக்கு அப்போது வயது 71. மாமா காலமாகி ஆறு வருஷம். மகன் பெங்களூரில், மகள் டல்லாஸில். மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு ஆரம்பித்த நாளிலிருந்து வாசல் கிரில்லைத் தாண்டவில்லை. பால், காய்கறி, மளிகை எல்லாம் கேட்டில் மாட்டிய பைக்கு வந்துவிடும். காலையும் மாலையும் பிள்ளைகளிடமிருந்து போன். ஒரு குறையும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக் கொண்டிருந்தோம்.

ஜூலை வாக்கில்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு டம்ளர் மோரோடு படுத்துவிடுவார். டி.வி. ஓடும், பார்க்கமாட்டார். பிரஷர் மாத்திரை போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, சில நாள் இரண்டு தடவை போட்டிருக்கிறார். வீடியோ காலில் எது கேட்டாலும் "ம்... ம்..." மட்டும்தான். ஆடிப் பதினெட்டு அந்த வருஷம் ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுகளில் முழு ஊரடங்கு. காவிரியில் தண்ணீர் வந்தும், நாலு தெரு தள்ளியிருக்கும் படித்துறைக்குப் போகமுடியவில்லை. அன்றைக்கு சித்ரான்னம் கூடக் கலக்கவில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். அந்தப் பெண்மணி வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவராம். மகளுக்கு அது எட்டாம் மாசம். "நீங்க பெரியவங்க, பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியக் குழம்பு எப்படி வைக்கணும், சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்! காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலம் தாண்டுகிற வரைக்கும் அத்தை வாயை மூடவில்லை. நடுவில் தொண்டை கட்டி, இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாராம். ஐந்து மாசம் பேசாத தொண்டை அல்லவா!

பிரஷர் இறங்கியதா என்று கேட்காதீர்கள். இறங்கவில்லை, டாக்டர் அதே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்தார். ஆனால் அன்று ராத்திரி அத்தை ரசம் வைத்துச் சாப்பிட்டார். மகளை அவரே போனில் கூப்பிட்டு, பஸ்ஸில் நடந்ததை அரைமணி நேரம் சொன்னார்.

பேர்கூடத் தெரியாத ஒருத்தரால் முடிந்தது, பெற்ற பிள்ளைகளால் ஏன் முடியவில்லை? மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் போனில் அவர் கேட்டதையெல்லாம் நினைத்துப் பாருங்கள். "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? வெளியில போகலையே?" அக்கறைதான், சந்தேகமில்லை. இருந்தாலும் இதெல்லாம் நர்ஸ் பேஷன்ட்டிடம் கேட்கிற கேள்விகள். பஸ்ஸில் வந்தவரோ, உங்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டார். அத்தை பேஷன்ட் இல்லை, விஷயம் தெரிந்தவர் என்று ஆகிவிட்டது. பழைய கோபதாபம் எதுவும் குறுக்கே நிற்காத பேச்சு வேறு.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2020-ல் வெளியான, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த ஆராய்ச்சியில் 40 பேரைப் பத்து மணி நேரம் தனியறையில் இருக்க வைத்தார்கள். போன் கிடையாது, யாரையும் பார்க்கக்கூடாது. இன்னொரு நாள் அதே ஆட்களைப் பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். பட்டினி கிடந்தவருக்குச் சாப்பாட்டுப் படத்தைக் காட்டினால் நடுமூளையில் எந்த இடம் துடிக்கிறதோ, தனித்திருந்தவருக்கு மனிதர்கள் கூடியிருக்கும் படத்தைக் காட்டியபோதும் அதே இடம் துடித்தது. பத்து மணி நேரத்துக்கே இப்படி என்றால், ஐந்து மாசத்துக்கு?

ஆனால் பசித்தவர் சாப்பாட்டைத் தேடிப் போவார். தனிமையில் ரொம்ப நாள் இருந்தவரோ மனிதரைக் கண்டால் ஒதுங்குவார். வெகுநாள் தனிமை மனதை உஷார் நிலையிலேயே வைத்துவிடுகிறது. எதிரே வருகிறவர் சாதாரணமாகப் பார்த்தாலும் முறைப்பதுபோல் தோன்றும். "நான் பேசினா யாருக்குப் பிடிக்கும்?" என்ற எண்ணம் வரும்.

இந்தக் கணக்குப் பெரும்பாலும் தப்பு. சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களை வைத்து எப்லி, ஷ்ரோடர் என்ற இருவர் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவரோடு பேசிக்கொண்டு போனால் பயணம் நன்றாக இருக்குமா என்று கேட்டதற்கு, இருக்காது என்றே பலரும் ஊகித்தார்கள். பேசிப் போனவர்களோ, மௌனமாகப் போனவர்களைவிடப் பயணம் இனிமையாக இருந்தது என்றார்கள். (நம்ம ஊர் கண்டக்டரைக் கேட்டிருந்தால் செலவில்லாமல் சொல்லியிருப்பார்!) பேசி முடித்தபிறகு, எதிராளிக்கு நம்மைப் பிடித்த அளவைக் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்பதையும் 2018-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஊரடங்கில் விவசாய வேலைக்குத் தடையில்லை. எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த 2020-ல்தான் ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்தது. குறுவை நடவு மும்முரம். வயலில் நடவு நட்ட பெண்களுக்குப் பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. தனியாய்ப் போனது கிரில் போட்ட வீடுகளில் இருந்த நாம்தான். அந்தக் காலத்தில் வழிப்போக்கர் உட்காரத் திண்ணை கட்டினார்கள். நாம் அதையும் சேர்த்துக் கம்பி போட்டு அடைத்துவிட்டோம்.

கொரோனா போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தக் கதை என்கிறீர்களா? மூட்டுவலி, கணவர் மறைவு, ஒரு ஆபரேஷன் என்று எது வந்தாலும் வயதானவர்கள் மறுபடி உள்ளேயே அடைந்துவிடுகிறார்கள். உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது, வருஷத்துக்கு 8,71,000 மரணங்களில் அதற்குப் பங்கிருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் மதிப்பிட்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், முதலில் காதைப் பரிசோதியுங்கள். காது மந்தமானதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பேச்சை நிறுத்துகிறவர்கள் உண்டு. காது கேளாமை, தனிமை இரண்டுமே மறதி நோய்க்கான காரணங்களின் பட்டியலில் இருப்பவை. பிறகு, அவரை வெளியே அனுப்ப ஒரு சாக்கு உண்டாக்குங்கள். எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடாதீர்கள். கீரையோ, பூவோ, அவரே போய் வாங்கட்டும். பெண்களுக்கு 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது. முதல் இரண்டு மூன்று தடவை களைப்பாக இருக்கும். பத்து நிமிஷப் பேச்சு போதும். பேங்க் கணக்கு, தனியாக இருக்கும் விவரம், நகை இவற்றைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது பஸ் பேச்சில் தீருகிற விஷயமில்லை. டாக்டரிடம் காட்ட வேண்டும். 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அத்தைக்கு இப்போது 70-ஐத் தாண்டிப் பல வருஷம். மாசம் ஒருமுறை பிரஷர் பார்க்க அதே பஸ்தான். அந்தக் கொடிக்கால் பெண்மணியை மறுபடி பார்க்கவே இல்லையாம். "பொண்ணா பையனான்னு கேக்காம விட்டுட்டேனே" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.