பந்தாடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள்

பேஸ்பால் அமெரிக்கர் வளர்த்த ஆட்டம். ஆயினும் அதற்காக உள்ளம் உருகும் மாணவரை ஜப்பானிலே காணலாம். நிஷினோமியா நகரில் 1924-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற கோஷியென் அரங்கில், உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டி கோடைதோறும் நடைபெறுகிறது. 3,000-க்கு மேற்பட்ட குழுக்கள் வட்டாரந்தோறும் மோதி, வழக்கமாக 49 மட்டுமே அங்கு வந்து சேரும். ஒருமுறை தோற்றால் திரும்ப வேண்டியதுதான்.

நாம் இங்குக் கருதுவது ஆடும் பிள்ளைகளையன்று, அவர்களைப் பெற்றவர்களை. பிள்ளை குழுவில் சேர்ந்ததும் பெற்றோரும் ஒரு சங்கமாகி விடுகின்றனர். சிறுவர் குழுக்களில் தாய்மார் முறைவைத்துப் பயிற்சியாளருக்குத் தேநீர் அளிப்பர். தந்தையர் நடுவராக நிற்பர். வேலைக்குச் செல்லும் மகளிர்க்கு இது பெருஞ்சுமையென்று கண்டு, அண்மையில் சில குழுக்கள் தேநீர் முறையைக் கைவிட்டன. நியாயந்தான். எனினும் அக்குவளைகளைக் கழுவிய இடத்திலேதான் பல நட்புகள் முளைத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

இந்நட்பில் ஒரு முள்ளும் உண்டு. பெரிய பள்ளியின் குழுவில் 100 மாணவர் இருக்கலாம். கோடைப் போட்டியில் எண் பெறுவோரோ, 2023 முதல், 20 பேரே. அதற்கு முன்னர் 18 பேர். தோழியின் மகனுக்கு எண் கிடைக்க, தன் மகனுக்கு இல்லையென்றால், அன்று மாலை இருவரும் என்ன பேசிக்கொள்வர்? ஒருத்தி வீட்டில் மகனின் சட்டை முதுகில் எண்ணைத் தைத்துக்கொண்டிருப்பாள். மற்றவள் கைக்கு அவ்வேலை இல்லை. ஆனால் ஆட்டத்தன்று, எண் பெறாத மாணவர் மேடையில் நின்று குரலெழுப்ப, அவளும் அதே நிறத் தொப்பியணிந்து தோழியின் அருகிலேயே அமர்ந்து கைதட்டுகிறாள்.