'தொடாதீர்கள்' முதல் 'தொடுங்க' வரை: சிற்பத்தைக் கையால் பார்ப்பது ஏன் முக்கியம்?

சென்னையிலிருந்து வார இறுதியில் திருப்பதி போய்வருபவரா நீங்கள்? அப்படியே ஸ்ரீகாளஹஸ்திக்கும் போயிருப்பீர்கள். அங்கே மூலவரான வாயுலிங்கத்தை அர்ச்சகர்கள்கூடக் கையால் தொடுவதில்லை என்பது மரபு.

அதே பகுதியில்தான் குடிமல்லமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். அங்குள்ள பரசுராமேஸ்வரர் கோயிலின் லிங்கம் சுமார் 5 அடி உயரம். அதன் முன்பக்கத்தில் சிவன் நிற்கிறார். வலது கையில் ஆடு, இடது கையில் சிறு கலயம், தோளில் மழு. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

ஒரு இடத்தில் மரபு, இன்னொரு இடத்தில் பாதுகாப்பு. காரணம் வேறு, முடிவு ஒன்றுதான்: கை வைக்கக் கூடாது. ஆனால் இன்றைய சிற்பிகள் சிலர் 'தொடுங்க, திருப்புங்க, எடுத்துட்டுப் போங்க' என்கிறார்கள். இதில் யார் சொல்வது சரி?

தொட்டா என்ன ஆகும்?

ஒருமுறை தொட்டால் பெரிதாக எதுவும் ஆகாது. பிரச்சினை எண்ணிக்கையில்தான். நம் தோலில் எண்ணெய், உப்பு, வியர்வை இருக்கின்றன. நுண்துளைகள் உள்ள கல் அவற்றை உறிஞ்சிக் கறுக்கும். உலோகம் நிறம் மாறும், அரிக்கும். பழைய கோயில் தூண்களைப் பாருங்கள். கை எட்டும் உயரத்தில் மட்டும் எண்ணெய்ப் பளபளப்பு தெரியும். வத்திக்கானில் உள்ள புனித பேதுருவின் வெண்கலச் சிலையில் பக்தர்கள் தொட்டுத் தொட்டே பாத விரல்கள் வழவழவெனத் தேய்ந்துவிட்டன.

அப்போ சிலர் மட்டும் ஏன் தொடச் சொல்கிறார்கள்?

அவர்களின் படைப்பு தொட்டால்தான் முழுமையாகிறது. மூன்று உதாரணங்கள்:

பிரேசில் கலைஞர் லிஜியா கிளார்க் 1960இல் 'பிச்சோஸ்' என்ற வரிசையைத் தொடங்கினார். உலோகத் தகடுகளைக் கீல் வைத்து இணைத்தவை அவை. நீங்கள் மடக்கி விரிக்கும்போதெல்லாம் வடிவம் மாறும்.

மும்பையைச் சேர்ந்த ஷில்பா குப்தாவின் 'த்ரெட்' (2008-09) செங்கல் சுவர் மாதிரி இருக்கும். கிட்டப் போனால் எல்லாமே சோப்புக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் 'அச்சுறுத்தல்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் பதிக்கப்பட்டிருக்கும். பார்வையாளர் ஒரு கட்டியை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். எடுக்க எடுக்கச் சுவர் குறையும். கை கழுவக் கழுவ அந்தச் சொல்லும் கரையும். தொடாமல் நின்று பார்த்தால் இதில் பாதிதான் புரியும்.

மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' சிகாகோவில் 2006இல் முறைப்படி திறக்கப்பட்டது. கண்ணாடி மாதிரி மின்னும் அந்த எஃகுச் சிற்பத்தில் கை வைக்காமல் வருபவர்கள் குறைவு. அதனால் கை படும் கீழ்ப்பகுதியைத் தொடர்ந்து துடைக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

கவனித்தீர்களா? தொடுவதால் வரும் தேய்மானத்துக்கு மூன்றுமே ஏதோ ஒரு விலை கொடுக்கின்றன. ஷில்பாவின் சுவர் குறைவதற்காகவே கட்டப்பட்டது. கபூரின் சிற்பத்துக்குப் பராமரிப்பு தேவை. கிளார்க்கின் மூலப் படைப்புகளோ இன்று அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் தொட முடியாத பொருளாகிவிட்டன. கண்காட்சிகளில் கையாளக் கிடைப்பது பிரதிதான்.

இது வெறும் சுவாரஸ்யமா?

இல்லை. பார்வையற்ற ஒருவருக்கு 'தொடாதீர்கள்' என்ற பலகை 'இது உங்களுக்கு இல்லை' என்றுதான் கேட்கும். இத்தாலியின் அன்கோனா நகரில் உள்ள ஓமெரோ அருங்காட்சியகம் 1993இல் தொடங்கப்பட்டது. பார்வையற்ற தம்பதியின் யோசனையில் பிறந்த அங்கே சிற்பங்களைக் கையால்தான் பார்க்க வேண்டும். டெல்லி தேசிய அருங்காட்சியகமும் 2015இல் 'அனுபவ்' என்ற கூடத்தைத் திறந்தது. அங்கே தொட்டுப் பார்க்கப் பிரதிகளும், பிரெய்ல் குறிப்புகளும் வைத்தார்கள். கலை மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது.

திருப்பதியால் என்ன முடியும்?

திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் பாரம்பரியச் சிற்ப, கட்டடக்கலை நிறுவனம் திருப்பதியிலேயே இருக்கிறது. கல், உலோகம், மரம், சுதை என எல்லாவற்றிலும் அங்கே பயிற்சி உண்டு. குடிமல்லம் லிங்கத்தை அதே அளவில் கல்லில் செதுக்கி, ஒரு கூடத்தில் வைத்தால் எப்படி இருக்கும்? பிரதிஷ்டை செய்யாத கல் என்பதால் மரபு மீறப்படாது. மூலச் சிற்பத்துக்கும் சேதமில்லை. தோளில் சாய்ந்த மழுவையும் இடுப்பு ஆடையின் மடிப்பையும் பார்வையற்ற ஒரு மாணவி விரலால் படிக்கலாம்.

அதுவரை நீங்க செய்ய வேண்டியது எளிது. கண்காட்சிக்குப் போனால் படைப்பின் பக்கத்தில் உள்ள குறிப்பைப் படியுங்கள். புரியவில்லையா, அங்கிருப்பவரிடம் கேளுங்கள். தொடலாம் என்றால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, தயங்காமல் தொடுங்கள். குடிமல்லத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கண்ணால் பாருங்கள்.