மருந்தை எடை போடும் இதயச் சில்லு

மருந்துக்கடை நடத்துகிறவன் நான். நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்துவந்த சிசாப்ரைடு இதயத் துடிப்பின் தாளத்தையே குலைக்கிறது என்று 2000-ல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தினார்கள். அதிலிருந்து எந்தப் புது மாத்திரை வந்தாலும், இது இதயத்தை என்ன செய்யும் என்றுதான் முதலில் தோன்றும்.

இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்க, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிட் பார்க்கர், ஜெனிஃபர் லூயிஸ் குழுவினர் 2016-ல் ஒரு கருவி செய்தார்கள். ஆறு வகை மைகளைக் கொண்டு முப்பரிமாண அச்சில் உருவான சில்லு அது. சிறு குழிகளுக்குள் நாக்குப்போல நீண்ட மெல்லிய தகடுகள். அவற்றின்மேல் நுண்ணிய வரிப்பள்ளங்கள். இதயத் தசைச் செல்களை விட்டால், அந்த வரிகளை ஒட்டியே வரிசையாக வளர்கின்றன. தசை சுருங்கும்போது தகடு வளையும். உள்ளே அச்சிட்ட உணரியின் மின்தடை மாறும். துடிப்பின் வலு எண்ணாக வந்துவிடும்! நுண்ணோக்கியில் கண்பதித்து உட்கார வேண்டியதில்லை. வாரக்கணக்கில் கவனிக்கலாம்.

என் அலமாரியிலுள்ள, இதயத்தின் சுருங்கும் வலுவைத் தணிக்கும் வெராபமில் என்ற மருந்தையும் அதில் சோதித்தார்கள். எதிர்பார்த்தபடியே சுருங்கும் வலு குறைந்தது. தெரிந்த மருந்துக்குச் சரியாகச் சொன்னால்தானே தெரியாததற்கு நம்ப முடியும்.

ஆனாலும் இது முழு இதயமல்ல. மருந்தை உடைத்து மாற்றும் கல்லீரலும் இதில் இல்லை. இருந்தும், 2022 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், விலங்குச் சோதனைக்கு மாற்றாக இத்தகைய சில்லுகளின் தரவையும் மருந்து நிறுவனங்கள் முன்வைக்க இடம் தந்திருக்கிறது.