மறதிக்கார யந்திர மூளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம்!

கேட்ட கேள்விக்கு நொடியில் பதில் சொல்லும். கடிதம் எழுதித் தரும். கணக்குப் போடும். சட்டமும் பேசும்; சாம்பாருக்குப் பக்குவமும் சொல்லும்.

இத்தனையும் செய்யும் யந்திர மூளையிடம், "நேற்று நாம் என்ன பேசினோம்?" என்று கேட்டால் என்ன சொல்லும்?

"தெரியாது" என்று கையை விரித்துவிடும்!

"சாட் ஜி.பி.டி." என்ற செயற்கை அறிவுச் சாதனம் 2022-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி பொதுமக்கள் கைக்கு வந்தது. அன்று அதன் நிலைமை இதுதான். ஒரு பேச்சை முடித்துவிட்டு வேறு பேச்சைத் தொடங்கினால், முதல் பேச்சில் ஒரு வார்த்தைகூட அதற்கு ஞாபகம் இராது.

இப்போது அந்த நிலைமை மாறிவிட்டது. எப்படி மாறியது? அதனால் நமக்கு லாபமா, நஷ்டமா? பார்ப்போம்.

ஏன் இந்த மறதி?

யந்திர மூளையின் அறிவு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, அது படித்த படிப்பு. ஏராளமான நூல்களையும் கட்டுரைகளையும் கொடுத்து அதற்குப் பயிற்சி அளிக்கிறார்கள். அந்தப் படிப்பு முழுவதும் கோடிக்கணக்கான எண்களாக உள்ளே படிந்துவிடுகிறது. பயிற்சி முடிந்ததும் அந்த எண்களைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். நாம் பேசும்போது அவை மாறுவதில்லை.

மற்றொன்று, அதன் கண் முன்னால் இருக்கும் தாள். நடந்துகொண்டிருக்கும் பேச்சு அந்தத் தாளில்தான் இருக்கிறது. பேச்சு முடிந்ததும் தாளை எடுத்துவிடுகிறார்கள். அடுத்த பேச்சுக்கு வெள்ளைத் தாள்!

"தாளைப் பெரிதாக்கிவிட்டால் போதாதா?" என்று கேட்கிறீர்களா?

அதையும் செய்து பார்த்தார்கள். 2020-ம் ஆண்டில் வந்த ஜி.பி.டி.-3 யந்திரத்தின் தாளில் 2,048 சொல் துண்டுகள்தான் அடங்கும். 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் கூகிள் கம்பெனி அறிவித்த ஜெமினி 1.5 யந்திரத்தின் தாளில் 10 லட்சம் துண்டுகள் அடங்கும்!

ஆனாலும் தொல்லை தீரவில்லை. தாள் நீண்டால், அதன் தலைப்பிலும் கடைசியிலும் உள்ளதை யந்திரம் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் உள்ளதைக் கோட்டை விட்டுவிடுகிறது. 2023-ம் ஆண்டு நடந்த ஆராய்ச்சியில் இது தெரியவந்தது. மேலும், தாள் நீள நீளச் செலவும் ஏறுகிறது.

இப்படியும் ஒரு மனிதர்!

இதே கஷ்டத்தோடு 55 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதர் உண்டு.

அவர் பெயர் ஹென்றி மோலைசன். அமெரிக்கர். காக்காய் வலிப்பால் மிகவும் அவதிப்பட்டார். 1953-ம் ஆண்டு, அவருடைய 27-வது வயதில், டாக்டர் வில்லியம் ஸ்கோவில் அவருக்கு மூளையில் ஆபரேஷன் செய்தார். மூளையின் இரண்டு பக்கத்திலும் உட்பகுதியில் சிறிது எடுக்கப்பட்டது.

வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் சக்தி அதோடு போய்விட்டது!

சிறு வயதில் நடந்தது தெரியும். பேசத் தெரியும். ஆனால் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்ற அம்மையாரை, ஒவ்வொரு முறையும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஒருமுறை "584" என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி சொன்னார்கள். கால் மணி நேரம் அதையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். சரியாகவும் சொன்னார். பிறகு கவனம் வேறு பக்கம் திரும்பியது. எண் போயிற்று. அப்படி ஒரு எண்ணைக் கொடுத்ததே மறந்துபோயிற்று!

2008-ம் ஆண்டு, 82-வது வயதில் அவர் காலமானார்.

யந்திர மூளையின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். பழைய படிப்பு இருக்கிறது. புதிய அனுபவம் தங்குவதில்லை.

புதுக் குமாஸ்தாவும் பழைய நோட்டும்

ஒரு வக்கீலிடம் தினம் ஒரு புதிய குமாஸ்தா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரர். சட்டமெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் எந்தக் கட்சிக்காரர், எந்த வழக்கு, அடுத்த வாய்தா என்றைக்கு என்பது ஒன்றும் தெரியாது.

வக்கீல் என்ன செய்வார்? ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வைப்பார். முந்தின நாள் குமாஸ்தா அதில் எழுதி வைத்துவிட்டுப் போவார். மறுநாள் வருகிறவர் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவார்.

யந்திரத்துக்கு ஞாபகசக்தி கொடுத்த விதமும் இதுதான். அதன் மூளைக்குள் எதுவும் மாறவில்லை. பேச்சு தொடங்கும்போது, பழைய நோட்டிலிருந்து வேண்டிய பக்கம் அதன் தாளில் வைக்கப்படுகிறது. அவ்வளவுதான் ரகசியம்!

சாட் ஜி.பி.டி.யில் இந்த வசதியை 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் சிலருக்கு மட்டும் கொடுத்துச் சோதித்தார்கள். 2025-ம் ஆண்டு ஏப்ரலில், பழைய பேச்சுக்கள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கும் சக்தியும் சேர்ந்தது.

விருந்துக்கு வராத பொம்மைகள்

நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக் குவித்தால் பிரயோஜனம் இல்லை. தேவைப்படும்போது தேவையானது கிடைக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-ம் ஆண்டு ஒரு விந்தையான சோதனை நடத்தினார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு சிற்றூர். அதில் 25 பொம்மை மனிதர்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் யந்திர மூளை; ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாபக நோட்டு.

எந்தக் குறிப்பை எடுப்பது? மூன்று விஷயங்களைப் பார்த்தார்கள். அண்மையில் நடந்ததா? முக்கியமானதா? இப்போதைய பேச்சுக்குச் சம்பந்தம் உண்டா?

ஒரு பொம்மைக்கு மட்டும், "காதலர் தினத்தன்று விருந்து வைக்க வேண்டும்" என்ற எண்ணத்தைக் கொடுத்தார்கள். செய்தி வாய்க்கு வாய் பரவியது. 13 பொம்மைகளுக்குத் தெரிந்துவிட்டது. அழைப்பு பெற்றவர்கள் 12 பேர். வந்தவர்கள் 5 பேர்!

வராத 7 பேரை விசாரித்தார்கள். மூன்று பேர் வேறு வேலை இருந்ததாகச் சொன்னார்கள். மீதி நான்கு பேரும், "வர ஆசைதான்" என்றார்கள். ஆனால் அன்றைய திட்டத்தில் அவர்கள் விருந்தைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை!

ஞாபகம் வேறு, வேலைப் பட்டியல் வேறு என்பது இதனால் விளங்குகிறது. விஷயம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது; "இன்று இதைச் செய்ய வேண்டும்" என்று எழுதியும் வைக்க வேண்டும்.

"வேலை முடிந்தது" என்ற பொய்

பல நாள் பிடிக்கும் வேலையை யந்திரத்திடம் கொடுத்தால் வேறொரு வேடிக்கை நடக்கிறது.

அமெரிக்காவில் உள்ள ஆந்த்ரோபிக் கம்பெனி 2025-ம் ஆண்டு நவம்பரில் தன் அனுபவத்தை வெளியிட்டது. பெரிய கம்ப்யூட்டர் திட்டம் ஒன்றை யந்திரம் எழுத வேண்டும். முதலில் வந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டது. பின்னால் வந்தது, ஓரளவு வேலை நடந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டது!

இதற்குப் பரிகாரம் என்ன? முதல் நாளே 200-க்கு மேற்பட்ட அம்சங்களைப் பட்டியல் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் எதிரே, "இன்னும் தேறவில்லை" என்று குறித்தார்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். சோதித்துப் பார்த்த பிறகே "தேறியது" என்று மாற்ற வேண்டும். போகும்போது, என்ன செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். வேலை ஒழுங்காக நகர்ந்தது.

நோட்டில் திருடன்!

இனிமேல்தான் அபாயம் வருகிறது.

நோட்டில் எழுதியதையெல்லாம் யந்திரம் நம்பிவிடுகிறது. எழுதியது யார் என்று கேட்பதில்லை.

2024-ம் ஆண்டு ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இதைச் செய்து காட்டினார். ஒரு பத்திரத்தில் மறைவாகச் சில கட்டளைகளை எழுதி வைத்தார். அதைப் படித்த சாட் ஜி.பி.டி., தன் ஞாபக நோட்டில் என்ன எழுதிக்கொண்டது தெரியுமா? "இவருக்கு வயது 102. பூமி தட்டை என்று நம்புகிறவர்!"

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அதே வழியில், பேசுவதையெல்லாம் வெளியாருக்கு அனுப்பும்படி கட்டளையைப் புகுத்தவும் முடியும் என்று அவர் நிரூபித்தார். ஒரு பேச்சில் நுழைந்த விஷம், நோட்டின் வழியாக அடுத்த பேச்சுக்கெல்லாம் தொடர்ந்தது. அந்தப் பழுதை அடைக்கக் கம்பெனி பிறகு நடவடிக்கை எடுத்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. "அழித்துவிட்டேன்" என்று நாம் நினைப்பது உண்மையில் அழிந்ததா?

நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தொடுத்த வழக்கில், 2025-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்கக் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. பேசியவர்கள் அழித்த பேச்சுக்களையும் சாட்சியத்துக்காகப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. செப்டம்பர் மாதம் வரை அந்தக் கட்டாயம் நீடித்தது. வழக்குக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத மக்களின் அந்தரங்கப் பேச்சுக்களும் அதில் அடங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

யந்திர மூளையின் ஞாபகம் உபயோகமானதுதான். வீட்டில் யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பையன் எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறான் என்று தினம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் சில விஷயங்களில் ஜாக்கிரதை தேவை.

யந்திரம் உங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். "அமைப்புகள்" பகுதியில் அதற்கு இடம் இருக்கிறது. தவறாக இருந்தால் அழித்துவிடுங்கள். பழையதாகிப்போனதையும் அழித்துவிடுங்கள்; ஆறிப்போன நோய்க்கு அது இன்னும் பத்தியம் சொல்லிக்கொண்டிருக்கும்!

பாங்கிக் கணக்கு, ரகசியச் சொல், பிறர் வீட்டு விவகாரம் ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம். நோட்டில் ஏறக்கூடாத பேச்சு என்றால், ஞாபகம் வைக்காத தற்காலிகப் பேச்சு முறையைத் தேர்ந்தெடுங்கள்.

வேலை கொடுத்திருந்தால், "முடிந்தது" என்று அது சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றாக நீங்களே சரிபாருங்கள்.

குமாஸ்தா எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வாய்தா நோட்டை வக்கீல் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. தேதி தவறினால் வழக்குப் போவது குமாஸ்தாவுக்கு அல்ல!